கட்டங்களுள் அடங்கும் ஞாலம்

‘பெரிய பள்ளிவாசலுக்கு மேற்கே, தைக்கால் தெருவில், கிணற்றை அடுத்த ஓட்டு வீடு’ என்று சொல்லிவிட்டால் உள்ளூரார்க்கு அதுவே போதும். வெள்ளம் சூழ்ந்த நள்ளிரவில் வெளியூரிலிருந்து விரைந்துவரும் மருத்துவ ஊர்திக்கு அது போதாது. கதவிலக்கமே பெறாத கடலோரக் குடிசையின் நிலையோ சொல்லவும் வேண்டுவதில்லை. இந்திய அஞ்சல் துறை 2025ஆம் ஆண்டு மே மாதம் வெளியிட்ட ‘டிஜிபின்’ முறையை நாம் வரவேற்பது இக்காரணம் பற்றியே.

1972 ஆகஸ்ட் 15 அன்று வந்த அஞ்சல் குறியீட்டு எண் ஓர் அஞ்சலகத்தின் எல்லையைச் சுட்டுவது. இப்புதிய முறையோ இடத்தையே சுட்டுகிறது. நாடு முழுவதையும் ஒரு பெருஞ்சதுரத்துள் அடக்கி, அதனை 16 கட்டங்களாகப் பகுத்து, ஒவ்வொன்றையும் மீண்டும் பதினாறாக்கி, இவ்வாறு பத்து முறை பகுத்தால் ஏறத்தாழ 4 மீட்டர்ப் பக்கமுடைய சிறு கட்டம் கிட்டும். அதன் பெயர் பத்துக் குறிகள். இறுதிக் குறியை நீக்கினால் அக்கட்டத்தை உள்ளடக்கிய பெரிய கட்டம் தோன்றும். வட்ட எல்லைகள் அரசாணைதோறும் மாறுவன, கட்டங்கள் மாறுவதில்லை. மழையளவையும் கிணற்று நீர்மட்டத்தையும் நோய்க் கணக்கையும் ஒரே கட்டத்தின்மேல் வைத்து ஒப்பிட இயல்வது இதனாலேதான்.

இச்சிந்தனை நமக்குப் புதிதன்று. சிசிலி மன்னர் இரண்டாம் ரோஜருக்காக 1154இல் நிலநூல் யாத்த அல் இத்ரீசி, உலகை ஏழு மண்டலங்களாகவும் ஒவ்வொன்றையும் பத்துப் பகுதிகளாகவும் பிரித்து எழுபது படங்களில் அடக்கினார். நம் தமிழரோ முந்திரி என்னும் 1/320ஐ மீண்டும் 320ஆல் வகுத்துக் கீழ்முந்திரி என்றனர். நிலவரி கணக்கிட்டோர்க்கு அந்நுண்மை வேண்டியிருந்தது போலும்!

ஆயினும் ஒன்றை அழுத்திக் கூற விரும்புகிறோம். குறியின் தலையெழுத்தை நம்பி அண்மையைக் கணித்தல் பெரும்பிழை. டிஜிபின்னின் முதற்பகுப்புக் கோடுகளுள் ஒன்று வட அகலாங்கு 11.5 பாகையில், பரங்கிப்பேட்டையை ஒட்டித் தமிழகத்தை ஊடறுத்துச் செல்கிறது. அதற்கு வடக்கே குறி ‘4’ எனத் தொடங்கும். தெற்கே ‘எம்’ எனத் தொடங்கும். கோட்டின் இருபுறமும் சுவரொட்டி நிற்கும் இரு வீடுகளுக்கு முதற்குறியே வேறு. சென்னைக்கும் மும்பைக்குமோ அது ஒன்றே! முதற்குறிகளை மட்டும் பார்த்துத் தொற்றுநோய்ப் பரவலை ஆராயப் புகுவோர் அடுத்த வீட்டை அயல்நாடாக்கிவிடுவர். கட்டங்களின் பரப்பும் ஒத்ததன்று. கன்னியாகுமரியில் ஏறத்தாழ 3.8 மீட்டராக இருக்கும் அகலம் காசுமீரத்தில் 3 மீட்டரை நெருங்கச் சுருங்கும். எனவே கட்டத்துக்கு இத்தனை என எண்ணுவோர் பரப்பையும் திருத்திக்கொள்ளுதல் வேண்டும்.

ஊபர் நிறுவனம் 2018இல் பொதுவில் வெளியிட்ட ‘எச்3’ முறை அறுகோணங்களைக் கைக்கொண்டது. சதுரத்தின் அண்டைக் கட்டங்கள் எட்டனுள் நான்கு மூலையில் நின்று தொலைவு மிகுவன. அறுகோணத்தின் ஆறு அண்டைகளும் ஏறத்தாழ ஒரே தொலைவில் நிற்பன. பரவலையும் போக்குவரத்தையும் ஆய்வோர்க்கு அதுவே ஏற்றது என்பது நம் துணிபு. ஆனால் அறுகோணங்களால் மட்டும் உருண்டையை மூட இயலாது. பன்னிரண்டு ஐங்கோணங்கள் இடையே வந்தே தீரும். சிறிய அறுகோணங்கள் ஏழும் பெரியதனுள் துல்லியமாகப் பொருந்துவதுமில்லை. முகவரிக்குச் சதுரம், ஆய்வுக்கு அறுகோணம் என நாம் கூறுவது இதனால்தான்.

இனி நம் துறைக்கு வருவோம். டிஜிபின்னின் பதினாறு குறிகளும் எண்களும் ஆங்கில எழுத்துகளுமே. ஆங்கிலம் அறியாத மூதாட்டி தன் வீட்டுக் குறியைத் தொலைபேசியில் எவ்வாறு வாய்விட்டுச் சொல்வார்? இணையான தமிழ்க்குறிகளை வகுக்குமாறு அஞ்சல் துறைக்கு எழுத வேண்டியவர்கள் தமிழாசிரியர்களாகிய நாமே. அத்துடன், வரும் விடுமுறையில் மாணவர்கள் தத்தம் ஊரில் குளம், திட்டு, தோப்பு, சந்து ஆகியவற்றின் வழக்குப் பெயர்களை முதியோரிடம் கேட்டு, ஒவ்வொன்றின் எதிரிலும் கட்டக்குறியை எழுதி வருதல் வேண்டும். தூர்ந்துபோன குளங்களை முதலில் எழுதுக; அவற்றின் பெயரறிந்தோர் ஊருக்கு ஓரிருவரே எஞ்சியுள்ளனர்.