உலர் பனிக்கட்டி விளையாட்டுப் பொருள் அல்ல!

நெருப்பில்லாமல் புகையாது என்பது பழமொழி. ஆனால் நெருப்பே இல்லாத புகை ஒன்று இப்போது கல்யாண மேடைகளில் பரவுகிறது. ஓட்டல் தட்டுகளிலும் கிளம்புகிறது. அது உலர் பனிக்கட்டியால் உண்டாகும் புகை. பார்ப்பதற்கு அழகுதான். ஆனால் அதன் குணம் தெரியாமல் விளையாடினால் உயிருக்கே ஆபத்து!

அது என்ன பொருள்?

உலர் பனிக்கட்டி தண்ணீரால் ஆனது அல்ல. மனிதர்கள் மூச்சில் வெளியே விடும் கரியமில வாயுதான் அது. அந்த வாயுவை அழுத்தி, குளிர வைத்து, கட்டியாக்குகிறார்கள். பூஜ்யத்துக்கும் கீழே 78 டிகிரி குளிர்! சாதாரணப் பனிக்கட்டி உருகித் தண்ணீராகும். இது உருகுவது இல்லை. நேரே வாயுவாக மாறிவிடும். துளி ஈரம்கூட மிஞ்சாது. அதனால்தான் "உலர்" பனிக்கட்டி என்று பெயர்.

வெப்பக் கணக்கு

கட்டியாக இருக்கும் பொருள் திரவமாகவோ, வாயுவாகவோ மாற வேண்டுமானால் வெப்பம் வேண்டும். பக்கத்தில் எது இருக்கிறதோ அதனிடம் இருந்து அந்த வெப்பத்தைப் பிடுங்கிக் கொள்ளும்.

1 கிராம் தண்ணீரின் சூட்டை 1 டிகிரி உயர்த்தத் தேவையான வெப்பம் 1 கலோரி. 1 கிராம் பனிக்கட்டி உருக 80 கலோரி வேண்டும். 1 கிராம் உலர் பனிக்கட்டி வாயுவாக மாறச் சுமார் 137 கலோரி வேண்டும். அதைக் கையில் பிடித்தால் கையில் இருந்து எடுக்கும். நாக்கில் வைத்தால் நாக்கில் இருந்து எடுக்கும். தசை உறைந்து, தீப்பட்டதுபோலப் புண்ணாகும்.

வாங்கிய வெப்பத்தைத் திருப்பிக் கொடுப்பதும் உண்டு. 1 கிராம் நீராவி தண்ணீராக மாறும்போது 540 கலோரியை வெளியே விடுகிறது. இட்லிப் பானையைத் திறக்கும்போது கையில் ஆவி அடித்தால் கொதிநீரைவிடக் கடுமையாகச் சுடுவது இதனால்தான். ஆவி வெப்பத்தைக் கொடுத்துச் சுடுகிறது. உலர் பனிக்கட்டி வெப்பத்தைப் பறித்துச் சுடுகிறது!

நடந்த விபரீதங்கள்

2024-ம் ஆண்டு மார்ச் மாதம், டெல்லிக்கு அருகே உள்ள குருகிராமில் ஓர் ஓட்டலில் சாப்பிட வந்தவர்களுக்கு, வாய் மணக்கும் பொருள் என்று உலர் பனிக்கட்டி கொடுக்கப்பட்டது. வாயில் போட்டவர்கள் ரத்த வாந்தி எடுத்தார்கள். 5 பேர் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்கள்.

2020-ம் ஆண்டு பிப்ரவரி மாதம், ரஷியத் தலைநகர் மாஸ்கோவில் ஒரு பிறந்தநாள் விருந்து. மூடிய கட்டிடத்துக்குள் இருந்த நீச்சல் குளத்தில், புகை எழுவதற்காக உலர் பனிக்கட்டியைக் கொட்டினார்கள். 3 பேர் இறந்தார்கள்.

தண்ணீரில் இருந்த வெப்பத்தைக் கட்டி வேகமாக உறிஞ்சியது. வாயு பெருகியது. 1 கிலோ உலர் பனிக்கட்டியில் இருந்து 500 லிட்டருக்கு மேல் வாயு கிளம்பும்! அது காற்றைவிடக் கனமானது. தாழ்வாகத் தங்கும். மூச்சை அடைக்கும். குழந்தைகளின் மூக்கு இருப்பதும் தாழ்வான உயரத்தில்தானே!

கண்ணில் தெரியும் வெண்புகை, குளிர்ந்த காற்றில் உள்ள ஈரம் சிறு துளிகளாக மாறியதுதான். கரியமில வாயு கண்ணுக்குத் தெரியாது. புகை கலைந்த பின்பும் அது அங்கேயே இருக்கலாம்.

என்ன செய்ய வேண்டும்?

அப்படியானால் உலர் பனிக்கட்டியே வேண்டாமா? அப்படி அல்ல. ஐஸ்கிரீம் கெடாமல் ஊர் போய்ச் சேர அது உதவுகிறது. கொரோனா தடுப்பூசி மருந்துகளில் சிலவற்றை 2020, 2021-ம் ஆண்டுகளில் நாடு விட்டு நாடு கொண்டுபோனதும் அதன் உதவியால்தான். பெட்டிக்குள் வேலை செய்யும்போது அது நல்ல வேலைக்காரன். தட்டுக்கு வந்தால் எமன்.

எனவே, தின்னும் பொருளோடு அதைப் பரிமாறக் கூடாது. மூடிய அறையில் புகை விடக் கூடாது. பாட்டிலில் போட்டு மூடினால் வெடிக்கும்; அதுவும் கூடாது. விற்பவர்கள் எச்சரிக்கையைத் தமிழில் பெரிய எழுத்தில் அச்சிட்டுத் தர வேண்டும். திரவ நைட்ரஜன் கலந்த தின்பண்டங்களைப் பற்றி 2024-ம் ஆண்டு தமிழக உணவுப் பாதுகாப்புத் துறை எச்சரித்தது. அதே கண்டிப்பு இதற்கும் வேண்டும்.

ஐந்து நிமிட வேடிக்கைக்கு ஓர் உயிரை விலையாகக் கொடுக்கலாமா? பெற்றோர்கள் சிந்திக்க வேண்டும்!