ராமநாதபுரத்துக்கும் வேளாண் மண்டலச் சட்டம் வேண்டும்

மாண்புமிகு தமிழ்நாடு முதலமைச்சர் அவர்களுக்கு,

மதுரை சிம்மக்கல்லிலிருந்து எழுதுகிறேன். எங்கள் தெருவுக்கு அடியில் எண்ணெயும் இல்லை, எரிவாயுவும் இல்லை. பிறகு உனக்கென்ன வந்தது என்று கேட்கலாம். எங்களைத் தாண்டிப் போகும் வைகை, தண்ணீர் வரும் ஆண்டுகளில், கடைசியாகப் போய்ச் சேருவது ராமநாதபுரம் பெரிய கண்மாயில். கீழமாசி வீதிக் கடைச் சாக்குகளில் கிடக்கும் முண்டு வத்தலும் அந்தச் சீமையிலிருந்து வருவதுதான். ஐப்பசி மழையை நம்பி விதைத்து, பழுத்ததைப் பறித்து, களத்தில் பரப்பிக் காயவைக்கிற வத்தல். ஒன்றை எடுத்துக் காதருகே ஆட்டினால் உள்ளே விதை கலகலக்கும். 2023இல் புவிசார் குறியீடும் வாங்கிவிட்டது.

அந்த மாவட்டத்தில்தான் எண்ணெய், எரிவாயு தேடி 20 சோதனைக் கிணறுகள் தோண்ட ஓஎன்ஜிசிக்கு 2025 மார்ச்சில் சுற்றுச்சூழல் அனுமதி கிடைத்தது. கொடுத்தது, சென்னையிலேயே இருக்கும் மாநிலச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு ஆணையம். ஊர்க்காரர்களிடம் கருத்துக் கேட்க வேண்டிய கட்டாயமே இல்லை. 2020 ஜனவரியில் ஒன்றிய அரசு விதியைத் திருத்தி, இத்தகைய சோதனைக் கிணறுகளைக் கருத்துக் கேட்பு தேவைப்படாத ‘பி2’ வகைக்கு இறக்கிவிட்டது. விஷயம் வெளியே தெரிந்து எதிர்ப்பு கிளம்பியதும், ஆகஸ்டில், அமைச்சராக இருந்த தங்கம் தென்னரசு அனுமதியைத் திரும்பப் பெறச் சொல்லியிருப்பதாக அறிவித்தார். நல்லது. ஆனால் அறிவிப்பை நம்பி வீட்டுக்குப் போனவர்களின் கதை நெடுவாசலில் இருக்கிறது. 2017 பிப்ரவரியில் அங்கே ஹைட்ரோகார்பன் திட்டத்தை எதிர்த்துப் போராட்டத்தில் உட்கார்ந்தவர்கள், வாக்குறுதியை ஏற்று மார்ச்சில் எழுந்தார்கள். அதே மாதக் கடைசியில் டெல்லியில் அந்தத் திட்டத்துக்கு ஒப்பந்தம் கையெழுத்தானது. ஏப்ரலில் மறுபடி பந்தல் போட்டார்கள். ஜூன் 30இல் கதிராமங்கலத்தில் ஓஎன்ஜிசி குழாய் உடைந்து வயலில் எண்ணெய் பரவியபோது, நியாயம் கேட்டவர்களுக்குக் கிடைத்தது தடியடியும் சிறையும்.

நெடுவாசலுக்குக் கடைசியில் நிம்மதி தந்தது புதிய எண்ணெய், எரிவாயுத் திட்டங்களைத் தடுக்கும் 2020இன் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினத்தோடு புதுக்கோட்டை, கடலூரின் சில வட்டாரங்களையும் சேர்த்த அந்தச் சட்டம், ராமநாதபுரத்தையும் சிவகங்கையையும் விட்டுவிட்டது. டெல்டாவின் நெல்லுக்குள்ள மரியாதை வானம் பார்த்த பூமியின் மிளகாய்க்கு இல்லையா?

நிலத்தைக் காக்கப் போராடுவது மதுரைக்காரர்களுக்குப் புதிதல்ல. அரிட்டாபட்டி டங்ஸ்டன் சுரங்க ஏலத்தில் ஒன்றிய அரசு மாநிலத்தைக் கைகாட்ட, மாநிலம் ஒன்றியத்தைக் கைகாட்டியது. 2025 ஜனவரி 7 அன்று மேலூர்ப் பக்கத்து விவசாயிகள் நடந்தே தல்லாகுளம் வந்து சேர்ந்தார்கள். 23ஆம் தேதி ஏலம் ரத்தானது. ஏலத்துக்கு எதிரான சட்டமன்றத் தீர்மானம் முந்தைய டிசம்பரிலேயே நிறைவேறியிருந்தது என்பதையும் சொல்ல வேண்டும்.

அடுத்த கூட்டத்தொடரிலேயே திருத்த மசோதா கொண்டுவந்து இவ்விரு மாவட்டங்களையும் சேருங்கள். ஏற்கெனவே நடக்கும் திட்டங்களுக்கு 2020 சட்டம் தரும் விலக்கை அப்படியே இங்கும் எழுதிவிடாதீர்கள். வழுதூர், வாலாந்தரவைப் பக்கம் பல ஆண்டுகளாக எரிவாயு எடுக்கிறார்கள். அந்தக் கிணறுகளைச் சுற்றியுள்ள நிலத்தடி நீரை மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தை விட்டுச் சோதிக்கச் சொல்லி, முடிவைத் தமிழிலேயே அந்தந்த ஊராட்சி அலுவலகத்தில் ஒட்டச் சொல்லுங்கள். அதற்கு மசோதா வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

இப்படிக்கு,
சிம்மக்கல் வாசி ஒருவர்