பழவேற்காட்டில் நடந்த பாடம்

போர்த்துக்கல் தேசத்தில் மொண்டேகு நதிக்கரையில், ஒரு குன்றின்மேல், கோயிம்ப்ரா என்ற புராதன நகரம் இருக்கிறது. 1290-இல் தினீஸ் மன்னர் லிஸ்பன் நகரில் ஸ்தாபித்த சர்வகலாசாலை அங்குமிங்குமாகப் பலமுறை குடி பெயர்ந்து, 1537-இல் கோயிம்ப்ராவில் நிலைத்தது. நமக்கும் அந்த ஊருக்கும் என்ன சம்பந்தம் என்று நேயர்கள் கேட்கலாம். சம்பந்தம் உண்டு. அங்கே படித்த அன்றீக்கு அன்றீக்கஸ் பாதிரியார்தான் முத்துக்குளித்துறைக்கு வந்து, தமிழை முறையாகக் கற்று, அதற்கு இலக்கணமும் எழுதினார். 1578-இல் கொல்லத்தில் தமிழ் எழுத்திலேயே அச்சேறிய 'தம்பிரான் வணக்கம்' அவர் முயற்சியின் பயன்.

அதே போர்த்துக்கேசியர் எங்கள் காட்டூருக்கு வடக்கே உள்ள பழவேற்காட்டிலும் பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே வந்து இறங்கினார்கள். விஜயநகர சாம்ராஜ்யத்தின் கீழ்த்திசைத் துறைமுகங்களில் அது முக்கியமானது. சாயம் தோய்த்த துணிகள் அங்கிருந்து மலாக்காவுக்குக் கப்பலேறின. வந்தவர்கள் மாதாவுக்கு ஒரு கோயில் கட்டினார்கள், வியாபாரம் செய்தார்கள், சண்டை போட்டார்கள். கலாசாலை என்று சொல்லத்தக்க எதையும் அவர்கள் இங்கே நிறுவியதாகத் தெரியவில்லை. பிறகு மயிலாப்பூர்ச் சாந்தோமே அவர்களுக்குப் பெரிதாயிற்று.

அப்பால் ஒல்லாந்தர் வந்தார்கள். சந்திரகிரியிலிருந்து ஆண்ட வேங்கடபதி ராயரிடம் அனுமதி பெற்று 1610-இல் பண்டகசாலை போட்டார்கள். சாந்தோம் பறங்கியர் சும்மா இருப்பார்களா? 1612-இல் பாய்ந்து அதை அழித்தார்கள். மறு வருஷமே ஒல்லாந்தர் கோட்டை எழுப்பி, அதற்குக் கெல்திரியா என்று தங்கள் நாட்டு மாகாணம் ஒன்றின் பெயரைச் சூட்டினார்கள். 1690-இல் தலைமையிடம் நாகப்பட்டினத்துக்கு மாறும்வரை சோழமண்டலக் கரையில் அவர்கள் அதிகாரம் முழுவதும் இந்தக் கோட்டையிலிருந்துதான் நடந்தது. அவர்கள் வெடிமருந்து செய்ததும் இங்கேதான்.

நான் சொல்ல வந்த விஷயம் கோட்டையைப் பற்றியதல்ல. 1632 முதல் 1642 வரை அந்தக் கோட்டையில் ஆபிரகாம் ரொஜேரியஸ் என்றொரு பாதிரியார் இருந்தார். ஒல்லாந்தச் சிப்பாய்களுக்கும் குமாஸ்தாக்களுக்கும் ஜபம் சொல்லி வைப்பது அவர் உத்தியோகம். அத்துடன் நிற்காமல், இந்த நாட்டு ஜனங்கள் எதை நம்புகிறார்கள், எப்படி வாழ்கிறார்கள் என்று அறிய ஆசைப்பட்டார். பத்மநாபர் என்ற பிராம்மணர் அவருக்குச் சொல்லிக் கொடுத்தார். இருவரும் எந்த பாஷையில் பேசிக்கொண்டார்கள் தெரியுமா? போர்த்துக்கேசிய பாஷையில்! துரத்தப்பட்ட பகைவனின் பாஷைதான் அன்று கடற்கரை முழுவதும் பொதுவாக வழங்கிற்று.

நாள்தோறும் செய்யும் அநுஷ்டானங்கள், கல்யாணம், ஈமக்கிரியை, பண்டிகைகள், தெய்வங்கள் எல்லாவற்றையும் பத்மநாபர் விளக்கினார். பர்த்ருஹரியின் நீதி சதகத்துக்கும் வைராக்ய சதகத்துக்கும் பொருள் சொன்னார். சிருங்கார சதகம் மட்டும் விடுபட்டுப் போயிற்று. பாதிரியார் கேட்கவில்லையோ, பத்மநாபர் சொல்லவில்லையோ! ஊர் திரும்பிய ரொஜேரியஸ் 1649-இல் காலமானார். 1651-இல் லெய்டன் என்னும் மற்றொரு சர்வகலாசாலைப் பட்டணத்தில் அவர் நூல் வெளிவந்தது. 1663-இல் ஜெர்மன் மொழியிலும், 1670-இல் பிரெஞ்சிலும் அது வந்தது. சம்ஸ்கிருதக் கவி ஒருவருடைய வாக்கு ஐரோப்பிய பாஷையில் அச்சானது அதுவே முதல் தடவை. வில்லியம் ஜோன்ஸ் கல்கத்தாவில் கப்பல் இறங்குவதற்கு நூறு வருஷங்களுக்கு மேல் முந்திய சங்கதி இது.

இதைச் சொல்லிப் பெருமைப்படும்போது இன்னொன்றையும் மறைக்கலாகாது. அந்த நூற்றாண்டில் பஞ்சமும் படையெடுப்பும் வந்த வருஷங்களில், வயிற்றுக்கில்லாமல் தம்மையும் தம் குழந்தைகளையும் விற்றுக்கொண்டவர்களை இதே ஒல்லாந்தர் வாங்கி, ஆயிரக்கணக்கில் படேவியாவுக்குக் கப்பலேற்றினார்கள். அவர்கள் ஏறிய துறைகளில் பழவேற்காடும் ஒன்று. ஜன்மாந்தரம், கர்மம், தர்மம் என்று ஒரு பக்கம் பாடம். மறுபக்கம் தலைகளை எண்ணிக் கணக்கு. வகுப்பில் பிள்ளைகளுக்கு முதலாவதைச் சொல்கிறவன் இரண்டாவதையும் சொல்லித்தான் தீரவேண்டும் என்பது என் அபிப்பிராயம். பரீட்சையில் இரண்டும் வருவதில்லை என்பது வேறு விஷயம்.

1825-இல் ஊர் ஆங்கிலேயர் வசமாயிற்று. கோட்டை இன்று முள்ளும் புதருமாகக் கிடக்கிறது. ஒல்லாந்தர் கல்லறைத் தோட்டம் மட்டும் தொல்பொருள் இலாகாவின் பாதுகாப்பில் நன்றாக இருக்கிறது. வாசலில் இரண்டு எலும்புக்கூடுகளைக் கல்லில் செதுக்கி நிறுத்தியிருக்கிறார்கள். குழந்தைகள் முதலில் பயந்து, பிறகு அதையே திரும்பத் திரும்பப் பார்ப்பார்கள். உள்ளே துரைமாருடைய பெயர்களும் வம்சச் சின்னங்களும் அழகான எழுத்தில் வெட்டப்பட்டிருக்கின்றன. பத்மநாபர் பெயரை அங்கே தேட வேண்டாம். அது லெய்டனில் அச்சான புத்தகத்தில் இருக்கிறது. கப்பலேறியவர்களுக்கு அதுவும் இல்லை.

பார்க்க விரும்புகிறவர்கள் பொன்னேரியில் ரயிலை விட்டிறங்கி பஸ் ஏறலாம். வெயிலுக்கு முன்னால் போவது நலம்.