வறட்டு இருமலுக்கு சிரப் வாங்குறீங்களா? பாட்டிலைத் திருப்பி, பின்பக்கத்தைப் படிங்க!

“அண்ணே, வறட்டு இருமல்... தூங்கவே முடியல. ஏதாவது ஒரு சிரப் குடுங்க!”

மழை தொடங்கிவிட்டால், தெருமுனை மெடிக்கல் ஷாப்பில் மாலை நேரத்தில் அடிக்கடி காதில் விழும் வசனம் இதுதான். கேட்பவருக்கு இன்று இரவு தூங்க வேண்டும். கடைக்காரருக்கோ பின்னால் இன்னும் நான்கு பேர் நிற்கிறார்கள். அரை நிமிடத்தில் பாட்டில் கைமாறிவிடும். அதில் என்ன இருக்கிறது என்று வாங்குபவர் கேட்பதில்லை, கொடுப்பவரும் சொல்வதில்லை.

வறட்டு இருமல், தும்மல், மூக்கில் நீர், கண் அரிப்பு எல்லாம் சேர்ந்து வரும்போது நம் கைக்கு வருவது பெரும்பாலும் ‘காம்பினேஷன்’ சிரப். அதாவது, ஒரே பாட்டிலுக்குள் இரண்டு, மூன்று மருந்துகள். ஒரு மூடி குடிக்கும்போது மூன்று மாத்திரைகளைச் சேர்த்து விழுங்குவது போலத்தான். ஆனால் இனிப்பாகவும், ஆரஞ்சு வாசனையோடும் இருப்பதால், அதை மருந்தாகவே பலர் நினைப்பதில்லை. ‘சிரப்தானே!’ என்கிற அந்த ஒரு வார்த்தையில்தான் சிக்கலே ஆரம்பிக்கிறது.

பாட்டிலுக்குள் யார் யார்?

பாட்டிலின் பின்பக்கத்தில், ‘ஒவ்வொரு 5 மி.லி.யிலும் அடங்கியுள்ளவை’ என்று பொடி எழுத்தில் இருக்கும். போன் கேமராவில் பெரிதாக்கிப் பாருங்கள். வறட்டு இருமல் சிரப்களில் பொதுவாக மூன்று பெயர்கள் தென்படும்.

முதலாவது, டெக்ஸ்ட்ரோமெத்தார்பன். இது தொண்டையில் வேலை செய்வதில்லை. மூளையில் இருமலைத் தூண்டும் பகுதியை அமைதிப்படுத்துகிறது. இரண்டாவது, குளோர்பெனிரமைன் மாலியேட். இது அலர்ஜிக்கான மருந்து. தும்மல், மூக்கொழுகல், அரிப்பைக் குறைக்கும்; கூடவே தூக்கத்தையும் கொண்டுவரும். ‘சிரப் குடிச்சதும் இருமல் நின்னு தூங்கிட்டேன்’ என்று சொல்கிறவர்கள் பலரைத் தூங்கவைத்தது இதுதான். மூன்றாவது, ஃபினைலெஃப்ரின். மூக்கின் உள்ளே வீங்கிய ரத்தக் குழாய்களைச் சுருக்கி, அடைப்பைக் குறைப்பதற்காகச் சேர்க்கப்படுவது.

இந்த மூன்றாமவர் பற்றி ஒரு துணைச் செய்தி. வாய்வழியாகச் சாப்பிடும் ஃபினைலெஃப்ரின் மூக்கடைப்பைக் குறைப்பதில் வெறும் சர்க்கரை மாத்திரையைவிடச் சிறப்பாக வேலை செய்யவில்லை என்று, 2023 செப்டம்பரில் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகத்தின் ஆலோசனைக் குழு ஒருமனதாகச் சொன்னது. நம் ஊர் பாட்டில்களில் அது இன்னும் இருக்கிறது. பெரிய பலன் இல்லாவிட்டாலும், ரத்த அழுத்தக்காரர்கள் அதைக் கவனிக்கத்தான் வேண்டும்.

இன்னொரு குழப்பம், பெயரில். ஒரே பிராண்டு பெயருக்குப் பின்னால் ‘டி’, ‘டிஎக்ஸ்’, ‘எல்எஸ்’ என்று ஓரிரு எழுத்துகள் மட்டும் மாறியிருக்கும். உள்ளே இருப்பதோ முற்றிலும் வேறு மருந்து. ஒன்று வறட்டு இருமலை அடக்குவது. மற்றொன்று சளியை இளக்கி வெளியேற்றுவது. அம்ப்ராக்ஸால், ப்ரோம்ஹெக்ஸின், குவைஃபெனசின் போன்ற பெயர்கள் இருந்தால், அது சளி இருமலுக்கானது. நெஞ்சில் சளி கட்டியிருப்பவருக்கு இருமலை அடக்கும் சிரப் கொடுத்தால், வெளியே வரவேண்டிய சளி உள்ளேயே தங்கிவிடும். பக்கத்து வீட்டு அக்காவுக்குக் கேட்ட சிரப் உங்களுக்கும் கேட்கும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. அட்டையை போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பி, ‘இதே வாங்கிக்கோ’ என்பது நம்மிடம் இருக்கும் அன்பான, ஆனால் ஆபத்தான பழக்கம்.

ஏற்கெனவே மாத்திரை போடுகிறீர்களா?

அலர்ஜி இருப்பவர்கள் கண்டிப்பாகக் கவனிக்க வேண்டிய இடம் இது. தூசி அலர்ஜிக்காக செட்டிரிசின் அல்லது லீவோசெட்டிரிசின் மாத்திரையைத் தினமும் இரவில் போடுபவர்கள் நம்மில் நிறைய பேர். அதோடு இருமல் சிரப்பும் குடித்தால், அலர்ஜி மருந்து இரண்டு பக்கத்திலிருந்தும் உள்ளே போகிறது. மறுநாள் காலை தலை பாரமாக, கண் சொருக, நாக்கு வறண்டு எழுந்திருப்பார்கள். ‘ஜுரம் அடிச்ச அசதி’ என்று நினைத்துக்கொண்டு, ஸ்கூட்டரை எடுத்துக் கிளம்புவார்கள். ஆட்டோ, லாரி, பஸ் ஓட்டுபவர்கள், இயந்திரங்களோடு வேலை செய்பவர்கள் பகலில் இந்த சிரப்பைக் குடித்துவிட்டு வேலைக்குப் போகக் கூடாது. மது அருந்தும் நாளில் இந்த சிரப் வேண்டவே வேண்டாம். இரண்டும் சேர்ந்தால் மயக்கம் பல மடங்கு கூடும்.

பாராசிட்டமாலும் இப்படித்தான். சில சளி, இருமல் சிரப்களில் அதுவும் கலந்திருக்கும். கடைகளில் கிடைக்கும் ‘கோல்டு’ மாத்திரைகளிலும் இருக்கும். காய்ச்சலுக்குத் தனியாகவும் ஒன்று போட்டால், ஒரே நாளில் மூன்று வழிகளில் பாராசிட்டமால் உள்ளே போய்விடும். அளவு மீறினால் அடிவாங்குவது கல்லீரல்.

மனச்சோர்வு, பதற்றம் ஆகியவற்றுக்கு எஸ்சிடலோப்ராம், செர்ட்ராலின், ஃப்ளூவாக்ஸடின் போன்ற மாத்திரைகளை எடுத்துக்கொள்பவர்கள், டெக்ஸ்ட்ரோமெத்தார்பன் உள்ள சிரப்பை டாக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது. இரண்டும் சேரும்போது உடலில் செரட்டோனின் அளவு எகிறி, நடுக்கம், வியர்வை, படபடப்பு, குழப்பம் என்று கொண்டுபோய் விடலாம். இந்த மாத்திரைகள் எடுப்பதை மெடிக்கல் ஷாப்பில் நாலு பேர் முன்னால் சொல்லத் தயங்குவோம் என்பது புரிகிறது. சொல்லக் கூச்சமாக இருந்தால், மருந்துச்சீட்டை நீட்டி, ‘இதோட இந்த சிரப் ஒத்துவருமா?’ என்று கேட்டால் போதும். பார்மசிஸ்ட்டுக்குப் புரிந்துவிடும்.

வீட்டில் பெரியவர்கள் இருக்கிறார்களா? ப்ராஸ்டேட் வீக்கம் உள்ள தாத்தாவுக்கு இந்த அலர்ஜி மருந்தால் சிறுநீர் கழிப்பது இன்னும் சிரமமாகலாம். சில நேரம் நின்றேபோகலாம். கண் அழுத்த நோய் உள்ளவர்களுக்கும் ஆகாது. இரவில் பாத்ரூம் போக எழும்போது தள்ளாடி விழும் அபாயமும் உண்டு. சர்க்கரை உள்ளவர்கள் ‘சுகர் ஃப்ரீ’ கேட்டு வாங்கலாம். ரத்த அழுத்தம், இதய நோய், தைராய்டு அதிகமாகச் சுரக்கும் பிரச்னை உள்ளவர்களும், கர்ப்பிணிகளும், பாலூட்டும் அம்மாக்களும் முதலில் டாக்டரிடம்தான் போக வேண்டும்.

எந்த ஸ்பூன்?

‘ஒரு ஸ்பூன்’ என்றால் 5 மி.லி. என்று மருந்துலகம் சொல்கிறது. இந்தக் கட்டுரைக்காக எங்கள் வீட்டுச் சமையலறையிலிருந்து மூன்று ஸ்பூன்களை எடுத்து, சிரப் மூடியால் தண்ணீரை அளந்து ஊற்றிப் பார்த்தேன். சர்க்கரை டப்பா ஸ்பூனில் 3 மி.லி.கூடப் பிடிக்கவில்லை. சாப்பிடும் ஸ்பூனில் கிட்டத்தட்ட 10 மி.லி. போனது. பாயச ஸ்பூன் நடுவில் எங்கோ நின்றது. ஆகவே, பாட்டிலோடு வரும் அளவு மூடிதான் கணக்கு. பாட்டிலை அப்படியே வாயில் சரித்து ‘ஒரு முழுங்கு’ குடிக்கும் அப்பாக்களிடம் இதைக் காட்டுங்கள். இருமல் அடங்கவில்லை என்று இரண்டு மணி நேரத்தில் இன்னொரு மூடி குடிப்பதும் தவறு. ஒரு வேளைக்கும் அடுத்த வேளைக்கும் எத்தனை மணி நேரம் இடைவெளி என்பதைக் கடையிலேயே கேட்டு, அட்டையின் மேல் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

குழந்தைகளுக்கு?

2025 செப்டம்பரிலும் அக்டோபரிலும் வந்த செய்திகளை யாரும் மறந்திருக்க முடியாது. மத்தியப்பிரதேச மாநிலம் சிந்துவாரா மாவட்டத்தில், சாதாரண சளி, காய்ச்சலுக்கு ‘கோல்ட்ரிஃப்’ சிரப் குடித்த சின்னஞ்சிறு குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து அடுத்தடுத்து இறந்தார்கள். 20-க்கும் மேற்பட்ட உயிர்கள். அந்த சிரப் தயாரானது நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில். தமிழ்நாடு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை மாதிரியை எடுத்துச் சோதித்தபோது, அதில் டைஎத்திலீன் கிளைகால் என்ற நச்சுப்பொருள் 48.6 சதவிகிதம் இருந்தது. அனுமதிக்கப்பட்ட உச்ச வரம்பு 0.1 சதவிகிதம்தான். தமிழ்நாட்டில் விற்பனை தடைசெய்யப்பட்டது, நிறுவனத்தின் உரிமம் ரத்தானது, உரிமையாளர் கைதானார்.

சிரப்பில் மருந்தைக் கரைக்க கிளிசரின், ப்ரொப்பிலீன் கிளைகால் போன்ற திரவங்கள் பயன்படுகின்றன. இவற்றில் மருந்துத் தரம் உண்டு, தொழிற்சாலைத் தரம் உண்டு. விலை குறைவு என்று இரண்டாவதை வாங்கி, சோதிக்காமல் ஊற்றும்போது நச்சு கலந்துவிடுகிறது. இது புதிய கதையும் அல்ல. 1937-ல் அமெரிக்காவில் இதே நச்சு கலந்த திரவ மருந்து 100-க்கும் மேற்பட்டோரைக் கொன்றது. 1986-ல் மும்பை ஜே.ஜே. மருத்துவமனையில் 14 பேர் இறந்தார்கள். 2022-ல் காம்பியாவில் சுமார் 70 குழந்தைகள். இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் ஒரு பீப்பாய் திரவத்தைச் சோதிக்கும் செலவை மிச்சம் பிடிக்க நினைக்கிறார்கள் என்றால், கோபம் வராமல் என்ன செய்யும்?

இந்த நச்சை நாம் நாக்கில் வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. அதுவும் இனிப்பாகவே இருக்கும். ஆனால், குழந்தைகளுக்கு இந்த சிரப்கள் பெரும்பாலும் தேவையே இல்லை. இரண்டு வயதுக்குக் கீழ் உள்ள குழந்தைகளுக்கு இருமல், சளி மருந்துகளை எழுதவோ கொடுக்கவோ கூடாது, ஐந்து வயதுக்குக் கீழும் பொதுவாகப் பரிந்துரைக்கப்படுவதில்லை என்று 2025 அக்டோபரில் மத்திய சுகாதார சேவைகள் இயக்குநரகம் அறிவுறுத்தியது. குளோர்பெனிரமைன், ஃபினைலெஃப்ரின் கலவையை நான்கு வயதுக்கு உட்பட்டவர்களுக்குக் கொடுக்கக் கூடாது என்று பாட்டிலிலேயே அச்சிடும்படி 2023 டிசம்பரிலேயே உத்தரவு வந்துவிட்டது. பெரியவர்கள் சிரப்பில் ‘பாதி மூடி’ என்பது குழந்தைக்கான அளவு அல்ல.

எந்த சிரப்பானாலும் சரி, குடித்த பிறகு குழந்தை வாந்தி எடுத்தால், துவண்டு கிடந்தால், முக்கியமாக சிறுநீர் போவது குறைந்தால், பாட்டிலையும் கையில் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்கு ஓடுங்கள். தேவைப்பட்டால் 108-ஐ அழையுங்கள். பில்லோடு வாங்கச் சொல்வதும் இதற்காகத்தான். பில்லில் இருக்கும் பேட்ச் எண்தான், பிரச்னை என்று வந்தால் நம்மிடம் இருக்கும் ஒரே ஆதாரம்.

ஒரு வயதைத் தாண்டிய குழந்தைக்கு, படுக்கும் முன் அரை ஸ்பூன் தேன் இருமலைக் கொஞ்சம் தணிக்கும். ஒரு வயதுக்குக் கீழ் தேன் கூடவே கூடாது. அதிலிருந்து வரக்கூடிய கிருமி நச்சு, கைக்குழந்தைக்கு ஆபத்து. மூக்கடைப்புக்கு சலைன் சொட்டு மருந்து, குடிக்க வெதுவெதுப்பான நீர், இவ்வளவே போதும் பெரும்பாலான நாட்களில்.

சிரப்புக்கு அடங்காத இருமல்

வைரஸால் வரும் இருமல், காய்ச்சல் போன பிறகும் இரண்டு, மூன்று வாரங்கள் இழுத்துக்கொண்டு போவதுண்டு. ஆனால் வறட்டு இருமலுக்கு வேறு முகங்களும் இருக்கின்றன. ரத்த அழுத்தத்துக்கு எனலாப்ரில், ராமிப்ரில் போன்ற மாத்திரை எடுப்பவர்களில் சிலருக்கு, அந்த மாத்திரையே வறட்டு இருமலைக் கொடுக்கும். பாட்டில் பாட்டிலாகக் குடித்தாலும் அடங்காது. டாக்டர் மாத்திரையை மாற்றிக் கொடுத்ததும் சில வாரங்களில் காணாமல்போகும். (நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்!) இரவிலும் அதிகாலையிலும் மட்டும் இருமல், மூச்சில் விசில் சத்தம் என்றால் ஆஸ்துமாவாக இருக்கலாம். சாப்பிட்டுப் படுத்ததும் வரும் இருமலுக்கு, வயிற்று அமிலம் மேலேறுவது காரணமாக இருக்கலாம். தலையணையை உதறும்போதும், ஒட்டடை அடிக்கும்போதும் கிளம்பும் இருமலுக்கு முதல் மருந்து, அந்தத் தூசியிலிருந்து தள்ளி நிற்பதுதான்.

இரண்டு வாரங்களைத் தாண்டிய இருமலுக்கு காசநோய் பரிசோதனை அவசியம். அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் இது இலவசம். சளியில் ரத்தம், மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, எடை குறைவது, மாலைக் காய்ச்சல் இருந்தால் இரண்டு வாரம்கூடக் காத்திருக்க வேண்டாம்.

சரி, இதைப் படித்துவிட்டு வீட்டு அலமாரியைத் திறந்தால், போன மழைக்காலத்து சிரப் ஒன்று, கழுத்தில் பிசுபிசுப்போடு கால் பாட்டில் மிச்சமிருக்கும். எப்போது திறந்தது என்று யாருக்கும் நினைவிருக்காது. அதைத் தூக்கிப் போடலாம். அடுத்த முறை வாங்கும்போது, திறந்த தேதியை லேபிளின் மேலேயே பேனாவால் எழுதிவிட்டு, குழந்தைகளுக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள்.

*(அடுத்த வாரம்: மூக்கில் அடிக்கும் ஸ்ப்ரேயை எத்தனை நாள் பயன்படுத்தலாம்?)*