நடந்து வரச் சொல்லாதீர்கள்

திருச்சுழிப் பக்கம் ஒரு பள்ளி ஆண்டுவிழா. சிறப்பு விருந்தினர் மைக்கைப் பிடித்து, "நாங்க எல்லாம் நடந்தே போய்ப் படிச்சோம். படிக்கணும்னு வைராக்கியம் இருக்கிற பிள்ளைக்கு பஸ் எதுக்கு?" என்றார். ஒரே கைதட்டல். பெற்றவர்களும் தட்டினார்கள். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

நடந்து படித்துத் தேறியவர் மேடை ஏறிவிட்டார். அவரோடு நடந்து எட்டாவதோடு நின்றவர்கள் எங்கே? சீமைக்கருவேல் வெட்டிக் கரிமூட்டம் போடுகிறவர்களைக் கூப்பிட்டு யார் மாலை போடுகிறார்கள்?

இந்தக் கரிசல் காட்டுக்கு வண்டி அனுப்ப முடியாது என்பதும் பொய். 1980களில் சிவகாசி, சாத்தூர் வட்டாரத்தில் தீப்பெட்டி ஆலை வண்டிகள் விடியும் முன்பே ஊர் ஊராகப் போய்ப் பிள்ளைகளை அள்ளி வந்தன. தூக்கக் கலக்கத்தில் ஏறிய பிள்ளைகள் இருட்டிய பிறகு இறங்கினார்கள். அன்று மண்பாதை குறுக்கே நிற்கவில்லை. டீசல் செலவும் கட்டியது. வைராக்கியம் இருந்தால் நடந்து வரட்டும் என்று எந்த முதலாளியும் சொல்லவில்லை. தீக்குச்சி அடுக்கப் போன பிள்ளைக்கு வண்டி. பாடம் படிக்கப் போகிற பிள்ளைக்கு வைராக்கியமா?

இலவச பஸ் பாஸ்தான் இருக்கிறதே என்பார்கள். பாஸ் இருக்கிறது, பஸ் எங்கே? உள்ளடங்கிய ஊர்களில் காலையில் ஒரு நடை வருவதே பெரிய காரியம். வந்தாலும் கூட்டத்தைக் கண்டால் நிறுத்தத்தைத் தாண்டிப் போய் நிற்கிறது. பைமூட்டையோடு ஓடிப்போய்ப் படிக்கட்டில் தொங்கும் பையனைப் பொறுக்கி என்று திட்டுவதும் கைதட்டிய இதே கூட்டம்தான். பத்தாம் வகுப்புப் பிள்ளை சிறப்பு வகுப்பு முடிந்து வரும்போது கடைசி வண்டி போயிருக்கும். முள்காட்டுப் பாதையில் அந்தியில் மகளைத் தனியாக நடக்கவிட எந்தத் தாய் துணிவாள்? படிப்பை நிறுத்திவிடுவாள்.

அரசின் இலவச சைக்கிள் பதினோராம் வகுப்பில்தான் கிடைக்கிறது. எட்டாவதோடு நின்ற பெண்ணுக்கு அதனால் என்ன பிரயோசனம்? பீகாரில் 2006இல் ஒன்பதாம் வகுப்புப் பெண்களுக்கே சைக்கிள் கொடுத்தார்கள். உயர்நிலைப் பள்ளியில் பெண்கள் சேர்க்கை 32 சதவீதம் கூடியது என்று கார்த்திக் முரளிதரன், நிஷித் பிரகாஷ் ஆய்வு சொல்கிறது. அதுவும் பள்ளி மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் இருந்த ஊர்களில்தான் பலன் அதிகம். பீகார்ப் பிள்ளைகளுக்கு வைராக்கியம் திடீரென்று முளைத்ததா?

ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் தூரத்துப் பிள்ளைக்குப் பயணச் செலவாக ஆண்டுக்கு அதிகபட்சம் 6,000 ரூபாய் தரலாம். பத்து மாதம் பள்ளி என்றால் மாதம் 600. அந்தத் திட்டத்திலேயே 2024-25க்குத் தரவேண்டிய 2,152 கோடியை, பி.எம்.ஸ்ரீ பள்ளித் திட்டத்தில் தமிழ்நாடு கையெழுத்துப் போடவில்லை என்று ஒன்றிய அரசு நிறுத்திவைத்தது. இதற்கு எந்த ஆண்டுவிழா மேடையிலும் கோபம் வரக் காணோம். தனியார் பள்ளியின் மஞ்சள் வேன் வாசலில் வந்து நிற்கும் வீடுகளில் இருந்துதான் நடையின் பெருமை பேசுகிறார்கள்.

காமராஜர் பிறந்த விருதுநகர் மாவட்டம் இது. ஜூலை 15 வந்தால் கல்வி வளர்ச்சி நாள் கொண்டாடுகிறோம். அவர் பள்ளிக்கூடத்தைப் பிள்ளைக்குப் பக்கத்தில் கொண்டுவந்தார். மதியச் சோறும் போட்டார். வைராக்கியம் இருந்தால் பட்டினியோடு படிக்கட்டும் என்று அவர் சொல்லவில்லை.

தீப்பெட்டி ஆலைக்குக் கட்டிய செலவு அரசுக்கும் கட்டும். நரிக்குடி, ரெட்டியபட்டி, திருச்சுழிச் சுற்றுவட்டாரத்துக்குப் பள்ளி மணியைப் பார்த்து ஓடுகிற வண்டி வேண்டும். ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கும் அதில் இடம் வேண்டும். சிறப்பு வகுப்பு முடிந்த பிறகுதான் அதன் கடைசி நடை கிளம்ப வேண்டும்.