கிளையைக் குலுக்காதீர்கள்!

வசந்தம் வந்தால் போதும், ஒரு வீடியோ எல்லோர் கைப்பேசியிலும் சுற்றும். ஒருவர் சகுரா மரத்தின் கிளையைப் பிடித்துக் குலுக்குவார். இன்னொருவர் கீழே நின்று கைகளை விரித்துச் சிரிப்பார். இதழ்கள் மழையாகக் கொட்டும். நாமும் லைக் போடுவோம். அது அழகு இல்லை, அநியாயம் என்று சொல்லத்தான் இந்தப் பதிவு. சொல்ல எனக்கு என்ன தகுதி? அப்படிக் குலுக்கியவள்தான் நானும்.

போன ஏப்ரலில் குடும்பத்தோடு நாரா மாவட்டத்திலுள்ள யோஷினோ மலைக்குப் போனோம். ஒசாகாவிலிருந்து ரயிலில் சுமார் ஒன்றரை மணி நேரம். அம்மா புளிசாதம் கட்டி எடுத்து வந்திருந்தார். மலையில் ஏறக்குறைய 30,000 சகுரா மரங்கள். பூப்பது அடிவாரத்தில் தொடங்கி, மெல்ல மெல்ல மேலே ஏறும். நாங்கள் போன அன்று கீழே இலை துளிர்த்துவிட்டது. மேலே மலையே வெளுத்துக் கிடந்தது. ஆனால் காற்று இல்லை. ஓர் இதழ்கூட விழவில்லை.

எனக்குப் பொறுமையும் இல்லை. தம்பியிடம் கைப்பேசியைக் கொடுத்துவிட்டு, தாழ்வாக இருந்த கிளையைப் பிடித்துக் குலுக்கினேன். இதழ்களோடு மொட்டுகளும் விழுந்தன. ஒரு சிறு கிளை முறிந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஜப்பானியப் பாட்டி என்னைத் திட்டவில்லை. எழுந்து வந்தார், முறிந்த கிளையை எடுத்து மரத்தடியில் வைத்தார், மரத்தைப் பார்த்துத் தலை குனிந்தார். நான் கேட்க வேண்டிய மன்னிப்பை அவர் கேட்டார்.

"ஊர்க் கோயில் தல விருட்சத்தில் இப்படிக் கை வைப்பியாடி?" என்றார் அம்மா. அது சரியான கேள்வி. என் நோ க்யோஜா என்ற துறவி சாவோ கொங்கென் என்னும் தெய்வத்தின் உருவத்தை சகுரா மரத்தில்தான் செதுக்கினார் என்பது அந்த மலையின் ஐதீகம். அதனால் அங்கே சகுரா புனித மரம். பக்தர்கள் தலைமுறை தலைமுறையாகக் கன்றுகளைக் காணிக்கையாக நட்டு வளர்த்த காடு அது.

"எப்படியும் உதிரப்போகும் பூதானே?" என்பீர்கள். பூ உதிரும், சரி. கிளை உதிரவா இருந்தது? சகுராவுக்குக் காயம் எளிதில் ஆறாது. முறிந்த இடத்தில் பூஞ்சை புகுந்து மரம் உளுத்துப்போகலாம். சகுராவை வெட்டுகிறவன் முட்டாள் என்று ஜப்பானில் பழமொழியே உண்டு. போதாததற்கு, படம் எடுக்கப் பாதையை விட்டு இறங்கி வேர்களின் மேல் மிதிக்கிறோம். மண் இறுகினால் வேர் மூச்சுவிட முடியாது.

"ஜப்பானியர்கள் மட்டும் செய்வதில்லையா?" என்றும் கேட்பீர்கள். செய்பவர்களும் இருப்பார்கள். நான் இங்கேயே பிறந்தவள். 'வெளிநாட்டுக்காரர்களே இப்படித்தான்' என்று யாராவது சொன்னால் முதலில் சண்டைக்குப் போகிறவள். அன்று யாரும் அப்படிச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் என்னிடம் பதில் இருந்திருக்காது. ஆனால் எனக்கு உறுத்துவது அந்தப் பேச்சு இல்லை. யார் குலுக்கினாலும் மரத்துக்கு முறிவு ஒன்றுதான்.

புளிசாதம் சாப்பிட்டு முடித்தபோது காற்று வந்தது. யாரும் தொடாமலே மலை முழுக்க இதழ்கள் பறந்தன. அரை மணி நேரம் காத்திருந்தால் போதுமாக இருந்தது.

அந்த வீடியோவை அழித்துவிட்டேன். அடுத்த வசந்தத்தில் அப்படி ஒன்று உங்களுக்கு வந்தால் லைக் போடாதீர்கள். அனுப்பியவர் உங்கள் நண்பர் என்றால், ஏன் போடவில்லை என்றும் சொல்லுங்கள்.