ஆச்சிக்கு எந்த ஊர்?

"லண்டனா, சிட்னியா? குடும்பத்துக்கு எது நல்லது?" இரண்டு ஊரிலும் வீடு எடுத்துப் பிள்ளை வளர்த்தவன் என்பதால், ஊரிலிருந்து கிளம்பும் இளம் தம்பதிகள் என்னிடம் கேட்பது இதுதான். சம்பளம், வாடகை, குளிர், வெயில், பள்ளிக்கூடம் எல்லாம் விசாரிப்பார்கள். யாரும் கேட்காத ஒன்றை நானே எடுத்துச் சொல்வேன். வயதான அம்மா அப்பா வந்தால் அவர்களுடைய பகல் எப்படிக் கழியும் என்று பாருங்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

லண்டனில் நாங்கள் இருந்தது ஈஸ்ட் ஹாம். மளிகைக் கடை, இட்லி மாவு, முருங்கைக்காய், மகாலட்சுமி கோயில் எல்லாம் ஹை ஸ்ட்ரீட் நார்த் என்ற ஒரே தெருவில் கிடைக்கும். பாளையங்கோட்டையிலிருந்து வந்த அம்மாவுக்கு இங்கிலீஷ் அவ்வளவாக வராது. ஆனாலும் வந்த கொஞ்ச நாளிலேயே தனியாகப் போய்வரப் பழகிவிட்டார். சிவப்பு பஸ்ஸில் ஏறி, ஆய்ஸ்டர் அட்டையை மஞ்சள் வட்டத்தில் வைத்து, 'பீப்' சத்தம் கேட்ட பிறகுதான் நகர்வார். திரும்பி வரும்போது பையில் கீரைக்கட்டு இருக்கும். வாயில் நாலு சேதி இருக்கும். எந்தக் கடையில் வெண்டைக்காய் முற்றல், யார் வீட்டில் மருமகள் வந்திருக்கிறாள் என்பதெல்லாம் அவர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும்.

பகல் சுருங்கும் காலத்தில்தான் சிரமம். டிசம்பரில் நாலு மணிக்குள் இருட்டிவிடும். துணி ரேடியேட்டரில் காயும், அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பார். பேரப்பிள்ளைக்குச் சமைத்துக் கட்டித்தரலாம் என்றால் அதற்கும் வழியில்லை. இங்கிலாந்தில் 2014 முதல் தொடக்கப் பள்ளியின் முதல் மூன்று வகுப்புகளுக்கும் மதியச் சாப்பாடு இலவசம். 2023 செப்டம்பரிலிருந்து லண்டன் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் எல்லா வகுப்புக்கும் உண்டு. வேலைக்குப் போகிற தாய்க்கு அது பெரிய உதவி. ஆச்சிக்குக் கை ஒழிந்துபோகும்.

சிட்னியில் அப்படி இல்லை. அரசுப் பள்ளியில் சாப்பாடு போடுவதில்லை. கேன்டீனில் வாங்க வேண்டும், இல்லையென்றால் வீட்டிலிருந்து கொடுத்தனுப்ப வேண்டும். காலை ஏழு மணிக்கு எங்கள் அடுப்படி அம்மாவின் ராஜ்யம். பொடி தடவிய குட்டி இட்லி, பழத்துக்கு ஒரு தனி டப்பா, தலைக்குத் தொப்பி. தொப்பி இல்லாமல் போனால் மைதானத்தில் விளையாட விட மாட்டார்கள். ஆகையால் வாசலில் நின்று "தொப்பி எடுத்தியா?" என்று கேட்பதும் அவர் வேலையானது. பின்கட்டில் கறிவேப்பிலை மண்ணிலேயே தழைத்தது. ஈஸ்ட் ஹாமில் அதே செடியை ஜன்னல் தொட்டியில் வைத்துக் காப்பாற்றப் படாத பாடு பட்டோம்.

ஆனால் நாங்கள் முதலில் குடியேறிய மார்ஸ்டன் பார்க்கில் ரயில் நிலையம் கிடையாது. புது வீடுகள், அகலமான சாலைகள், எங்கு போவதென்றாலும் கார். மேஸ் ஹில் முருகன் கோயிலுக்குப் போக அம்மா சனிக்கிழமைக்காகக் காத்திருந்தார். லண்டனில் தானே போய்வந்த மனுஷி இங்கே எங்கள் கார் சாவியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்காகவே வென்ட்வொர்த்வில்லுக்கு மாறினோம். வீடு சிறிது, வாடகை கூடுதல். ஸ்டேஷனும் நம்மவர் கடைகளும் நடக்கிற தூரம்.

விசா கதையும் சேர்த்துத்தான் கணக்குப் போட வேண்டும். பிரிட்டனுக்குச் சுற்றிப்பார்க்க வரும் பெற்றோர் ஒரு தடவைக்கு ஆறு மாதம் இருக்கலாம். நிரந்தரமாகக் கூட்டிக்கொள்ள 2012 ஜூலையில் வந்த விதி ஏறக்குறைய கதவைச் சாத்திவிட்டது. குளிக்கவும் உடுத்தவும் துணை வேண்டிய நிலையில் பெற்றோர் இருக்க வேண்டும், அந்தத் துணை சொந்த ஊரில் கிடைக்கவே கிடைக்காது என்றும் நிரூபிக்க வேண்டும். நடமாடும் ஆச்சிக்கு அங்கே இடமில்லை.

ஆஸ்திரேலியாவில் பார்வையாளர் விசாவிலேயே பெற்றோருக்கு 12 மாதம் வரை கிடைக்கிறது. 2019இல் வந்த, பெற்றோருக்கான 870 என்ற தற்காலிக விசாவில் மூன்று அல்லது ஐந்து ஆண்டு இருக்கலாம். மூன்று ஆண்டுக்கே 5,000 டாலருக்கு மேல் கட்டணம், மருத்துவக் காப்பீடு தனி. நிரந்தர விசாவுக்குப் பணம் கட்டி வரிசையில் முந்த நினைத்தால் ஒருவருக்கு 45,000 டாலருக்கு மேல் ஆகும், அதற்கும் பல ஆண்டு காத்திருக்க வேண்டும். சாதாரண வரிசையில் 30 ஆண்டு ஆகலாம் என்று அரசே சொல்கிறது. எழுபது வயதுக்காரருக்கு இதைச் சொல்வது கொடுமை. இரண்டு நாடுகளும் நம் உழைப்பை வரவேற்கின்றன. பெற்றவர்களையும் அதே மனதோடு வரவேற்க வேண்டும்.

அவர்கள் ஊருக்குத் திரும்பிய பிறகு போன்தான் உறவு. லண்டனில் பிள்ளை பள்ளி விட்டு வரும்போது பாளையங்கோட்டையில் இரவு எட்டு, ஒன்பது மணி. ஆச்சிக்குக் கண் சொக்கும். சிட்னியில் பள்ளி விடும் நேரம் அங்கே காலை பத்து மணி வாக்கில். அடுப்படி வேலை முடித்து ஆற அமரப் பேசுகிறார். சிட்னி இருக்கும் நியூ சவுத் வேல்ஸில் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வில் தமிழை ஒரு பாடமாகவே எழுதலாம். ஆனாலும் எங்கள் மகளின் தமிழ், வகுப்பைவிட அந்த போனில்தான் அதிகம் வளர்ந்திருக்கிறது.

என் தீர்ப்பு சிட்னிக்குத்தான். ஒரு வருடம் சேர்ந்து இருக்கக் கிடைப்பது பெரிது. ஆனால் லண்டன் கற்றுத்தந்த பாடத்தை விட்டுவிட்டு இங்கே வீடு பார்க்காதீர்கள். ஊருக்கு வெளியே நாலு படுக்கையறை வீட்டுக்கு ஆசைப்படுவதைவிட, ஸ்டேஷனுக்கும் கடைக்கும் பக்கத்தில் இரண்டு அறை போதும். கையெழுத்துப் போடும் முன் அந்தத் தெருவில் ஒருமுறை நடந்து பாருங்கள். காரில்லாமல், மொழி தெரியாமல், எழுபது வயதில் உங்கள் அம்மா அங்கே தனியாகப் போய்வர முடியும் என்றால் அந்த வீட்டை எடுங்கள்.